பொழியும் கால்வாயும்: பூவார் நீர்வழி வரலாறு

அகத்தியமலையில் தோன்றும் நெய்யாறு ஏறத்தாழ 56 கி.மீ. ஓடிப் பூவாரில் கடலை அடைகிறது. ஆற்றுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டு மழைக்காலப் பெருக்கில் உடைந்து திறக்கும். பெருக்குத் தணிந்தபின் அலை கொணரும் மணல் அதனை மீண்டும் அடைக்கும். இத்திறப்பினை அப்பகுதி மக்கள் 'பொழி' என்பர். பூவாரை அடுத்த பொழியூர், தமிழக எல்லையிலுள்ள நீரோடி என்னும் பெயர்கள் இந்நிலவியலை அப்படியே காட்டுகின்றன. பூவார் என்ற பெயரை மார்த்தாண்டவர்மரோடு இணைத்துக் கூறும் மலர் மிதந்த கதை சுவையானதே. எனினும் ஊர்ப்பெயராய்வில் அண்டையூர்ப் பெயர்கள் தரும் சான்றே வலியது.

இங்குக் கடலோரத்தில் வாழ்வோர் முக்குவர். திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்களித்ததாகப் புனித சவேரியார் 1545ஆம் ஆண்டுக் கடிதத்தில் குறிப்பிடுவது இச்சமூகத்தாரையே. பூவாரில் முசுலிம்களும், உட்புறத் தென்னந்தோப்புகளை ஒட்டி நாடார் முதலிய குடியினரும் வாழ்கின்றனர். தேங்காய் மட்டையை (வட்டார வழக்கில் 'கதம்பல்') ஊறவைத்துக் கயிறு திரிக்கும் தொழிலுக்கும் இத்தேங்குநீரே இடம் தந்தது.

இச்சிற்றூர்களைப் படகுவழியால் இணைக்க முனைந்தது அனந்த விக்டோரியா மார்த்தாண்டவர்மன் கால்வாய். இறைவன், பேரரசி, மன்னர் ஆகிய மூவரையும் ஒரு பெயரில் அடக்கிய நயம் அக்கால அரசியலை விளக்கப் போதுமானது! உத்திராடம் திருநாள் ஆட்சியின் இறுதியாண்டான 1860இல் தொடங்கிய இப்பணியின் நோக்கம் திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் இணைப்பதாகும். ஆயின் அது முற்றுப்பெறவில்லை. பூவாரிலிருந்து தேங்காய்ப்பட்டணம், குளச்சல் வழியாக மண்டைக்காடு வரையிலான பகுதிகளே உருப்பெற்றன.

1956 நவம்பர் 1இல் விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தென் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு வேண்டிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. எல்லைப் போராட்டம் குறித்த நூல்கள் மொழிவாரி மக்கள்தொகையை விரிவாகப் பேசுகின்றன. ஒரே நீர்வழி இரு மாநிலங்களுக்கிடையே துண்டுபட்டதற்கு அவை உரிய இடம் தரவில்லை என்றே கருத வேண்டியுள்ளது. அதன் விளைவு நெய்யாற்று நீரிலும் தெரிந்தது: இடதுகரைக் கால்வாய்வழி விளவங்கோட்டு வயல்களுக்கு வந்த நீர் 2004இல் நிறுத்தப்பட்டது.

2016ஆம் ஆண்டுத் தேசிய நீர்வழிச் சட்டம், பூவார் கடற்கரை முதல் இரையுமன்துறை வரையிலான 11 கி.மீ. நீளத்தைப் பதின்மூன்றாம் தேசிய நீர்வழியாகப் பட்டியலிட்டது. எல்லையின் இருபுறத்தையும் ஒன்றாகக் கொண்ட ஆவணம் இது. குமரி மாவட்டப் பகுதியில் அந்நீர்வழி பலவிடங்களில் தூர்ந்து கிடக்கிறது.