கரடுமுரடான பாதைகளில் செல்லும் ஜீப் ரக வாகனங்கள்: நம்பகமான மாற்று பேட்டரியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

குளிர்காலத்தில் லடாக்குக்கோ இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்குக்கோ செல்லும் வாகனம், இரவு முழுவதும் உறைபனியில் நின்றபின் காலையில் 'டக்' என்ற ஒலியோடு அடங்கிவிடுவது அங்குள்ள ஓட்டுநர்களுக்குப் பழகிப்போன காட்சி. அடுத்த பணிமனை பல மணி நேரத் தொலைவில் இருக்கும் இடத்தில் இது வெறும் தாமதம் அல்ல. என்ஜின் இயங்காவிட்டால் வாகனத்தின் ஹீட்டரும் இயங்காது. மைனஸ் 20 டிகிரி குளிரில் அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

மணாலியை லாஹௌலுடன் இணைக்கும் 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபர் 3-ஆம் தேதி திறக்கப்பட்டது. ரோத்தாங் கணவாய் பனியால் மூடப்படும் மாதங்களிலும் இதன் வழியாக லாஹௌலுக்குச் செல்ல முடிகிறது. சமவெளி நகரங்களில் வாங்கப்பட்ட தார், கூர்க்கா, ஜிம்னி போன்ற நான்கு சக்கர இயக்க வாகனங்கள் முதன்முறையாகக் கடுங்குளிரைச் சந்திப்பதும் பெரும்பாலும் இத்தகைய பயணங்களில்தான். பழைய பேட்டரியை மாற்றும்போது கவனிக்க வேண்டியவற்றை இத்தொகுப்பு விளக்குகிறது.

வெப்பம் சிதைக்கும், குளிர் காட்டிக்கொடுக்கும்

பேட்டரியைக் குளிர் பழுதாக்குகிறது என்பது பரவலான எண்ணம். உண்மையில் அதன் ஆயுளைக் குறைப்பது வெப்பம். வெப்பநிலை ஏறத்தாழ 10 டிகிரி உயரும்போது பேட்டரிக்குள் நிகழும் வேதிவினைகளின் வேகம் இரு மடங்காகிறது. தகடுகளின் அரிப்பும் நீர் இழப்பும் அதற்கேற்ப அதிகரிக்கின்றன. ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19-ஆம் தேதி 51 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. அத்தகைய பகுதிகளில் என்ஜின் அறைக்குள் வெப்பம் இன்னும் அதிகமாக இருக்கும்.

கோடையில் இவ்வாறு நலிந்த பேட்டரி, சமவெளியில் தொடர்ந்து என்ஜினை இயக்கிக்கொண்டிருக்கும். மைனஸ் 18 டிகிரியில் நல்ல பேட்டரியின் திறனே சுமார் பாதியாகக் குறைகிறது. அதே நேரத்தில், எண்ணெய் கெட்டிப்படுவதால் என்ஜினைச் சுழற்ற வழக்கத்தைவிட அதிக ஆற்றல் தேவைப்படுகிறது. கோடையில் ஏற்பட்ட சேதம் பனிக்காலத்தில் வெளிப்படுவது இதனால்தான். ஆட்டோமேட்டிக் கியர் வாகனங்களைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் இயலாது.

பழுது பேட்டரியில்தானா?

புதிய பேட்டரி வாங்கும் முன் பழையதைச் சோதிப்பது அவசியம். வாகனத்தைச் சில மணி நேரம் நிறுத்திவைத்தபின் மல்டிமீட்டரில் அளந்தால், முழுமையாக மின்னேற்றம் பெற்ற பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 வோல்ட் என்பது ஏறத்தாழ பாதி மின்னேற்றம். 12 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கினால் பேட்டரி ஏறக்குறைய தீர்ந்துவிட்டது என்று பொருள். என்ஜின் இயங்கும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். அந்தக் கோளாறைச் சரிசெய்யாமல் பொருத்தப்படும் புதிய பேட்டரியும் விரைவில் தீர்ந்துவிடும்.

வாகனம் நிற்கும்போது ஏற்படும் மின்கசிவும் கவனிக்கத்தக்கது. அலாரம், ஜிபிஎஸ் கருவி, கூடுதல் விளக்குகள் ஆகியவை சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுத்தாலும், நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி குறையும். 20 நாள்கள் நிறுத்திவைத்தால் 24 ஆம்பியர்-மணி தீர்ந்துவிடும். 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் இது ஐந்தில் இரண்டு பங்கு ஆகும்.

அளவும் முனைகளின் அமைவும்

வாகனத்தின் பேட்டரித் தட்டுக்குச் சரியாகப் பொருந்தும் நீளம், அகலம், உயரம் கொண்ட பேட்டரியையே வாங்க வேண்டும். உயரம் கூடினால், மேடுபள்ளத்தில் குலுங்கும்போது முனைகள் பானெட்டில் உரசி மின்குறுக்கு ஏற்பட்டுத் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. நேர்முனையும் எதிர்முனையும் எந்தப் பக்கம் உள்ளன என்பதும் முக்கியம். ஒரே அளவுள்ள பேட்டரிகள் இரு அமைவுகளிலும் விற்பனையாகின்றன. மாறி வாங்கினால் கேபிள் எட்டாது. அல்லது இணைப்பைத் தலைகீழாகக் கொடுக்கும் தவறு நேரலாம். வாகனக் கையேட்டில் உள்ள பேட்டரிக் குறியீட்டைக் கடைக்காரரிடம் காட்டிக் கேட்பதே பாதுகாப்பானது.

லேபிளில் உள்ள எண்கள்

கடைகளில் பெரும்பாலும் பேசப்படுவது ஆம்பியர்-மணி அளவுதான். 60 ஆம்பியர்-மணி என்றால், 3 ஆம்பியர் மின்னோட்டத்தை 20 மணி நேரம் வழங்க முடியும் என்று பொருள். முகாமில் விளக்கு, சிறிய குளிர்பெட்டி ஆகியவற்றை இயக்குவோருக்கு இந்த எண் உதவும்.

குளிர்ப்பகுதிக்குச் செல்வோர் பார்க்க வேண்டியது சிசிஏ எனப்படும் குளிர்நிலைத் தொடக்கத் திறன். மைனஸ் 18 டிகிரியில் பேட்டரி எவ்வளவு மின்னோட்டத்தைத் தர முடியும் என்பதை இது குறிக்கிறது. எஸ்ஏஇ முறையில் 30 விநாடிகளுக்கு 7.2 வோல்ட்டுக்குக் குறையாமல் தர வேண்டும். ஐரோப்பாவின் இஎன் முறையில் 10 விநாடிகளுக்கு 7.5 வோல்ட். எனவே இரு நிறுவனங்களின் எண்களை ஒப்பிடும்போது, அவை ஒரே முறையில் அளக்கப்பட்டவையா என்று பார்க்க வேண்டும். டீசல் என்ஜின்களில் அழுத்த விகிதம் அதிகம் என்பதால் அவற்றுக்குக் கூடுதல் சிசிஏ தேவை. வாகனத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே ஒருபோதும் செல்லக் கூடாது.

எந்த வகை ஏற்றது?

அமிலக் கரைசல் கொண்ட சாதாரண பேட்டரி விலை குறைவானது. சிறிய ஊர்களிலும் கிடைக்கும். ஆனால் தொடர்ச்சியான அதிர்வில் தகடுகளில் உள்ள பொருள் உதிர்ந்து அடியில் படியும். செங்குத்தான சரிவில் சாயும்போது அமிலம் கசியவும் வாய்ப்புண்டு.

ஏஜிஎம் வகையில், அமிலம் கண்ணாடி இழை விரிப்பில் உறிஞ்சப்பட்டிருக்கும். இது கசியாது, அதிர்வையும் நன்கு தாங்கும். பாறைப் பாதைகளில் அடிக்கடி செல்வோருக்கும், முழுச் சுமையில் பல நூறு ஆம்பியர் இழுக்கக்கூடிய வின்ச் பொருத்தியோருக்கும் ஏற்றது. விலை அதிகம் என்பதும், மிகை மின்னேற்றத்தை இது தாங்காது என்பதும் குறைகள்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது இஎஃப்பி வகை. சிக்னலில் தானாக நின்று இயங்கும் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி கொண்ட வாகனங்களில் இஎஃப்பி அல்லது ஏஜிஎம் பேட்டரி பொருத்தப்பட்டிருக்கும். அவற்றில் சாதாரண பேட்டரியைப் பொருத்தினால் விரைவில் பழுதாகும்.

எடை குறைந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகளைச் சிலர் விரும்புகின்றனர். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழ் இவற்றை மின்னேற்றம் செய்வது உள்ளே சேதத்தை உண்டாக்கும். ஆகவே பனிப்பகுதியில் என்ஜினைத் தொடங்க இவை உகந்தவை அல்ல. முகாம் தேவைகளுக்கு, ஐசோலேட்டர் கருவி மூலம் பிரிக்கப்பட்ட இரண்டாவது பேட்டரியாக வாகனத்தின் உட்பகுதியில் வைத்துப் பயன்படுத்தலாம்.

தயாரிப்பு மாதமும் உத்தரவாதமும்

கடையில் நெடுநாள் கிடந்த பேட்டரி, பயன்படுத்தாமலேயே திறன் இழக்கும். உறையில் பொறிக்கப்பட்ட தயாரிப்புக் குறியீட்டைக் கடைக்காரரிடம் விளக்கக் கேட்டு, ஆறு மாதத்துக்கு மேற்பட்டதைத் தவிர்ப்பது நல்லது. வாங்கும் முன் வோல்ட் அளந்து காட்டச் சொல்லலாம். 12.4 வோல்ட்டுக்குக் குறைந்திருந்தால் வேறொன்றைக் கேட்க வேண்டும்.

'24+24' என்ற உத்தரவாதத்தை நான்கு ஆண்டு இலவச மாற்றாகக் கருதுவது தவறு. முதல் 24 மாதங்களில் மட்டுமே இலவசமாக மாற்றித் தரப்படும். அடுத்த 24 மாதங்களில் புதிய பேட்டரியின் விலையில் குறிப்பிட்ட சதவீதத் தள்ளுபடி மட்டும் கிடைக்கும். நாடு முழுவதும் பயணம் செய்வோர், செல்லும் வழியில் சேவை மையம் உள்ள நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது பயனளிக்கும். ஈய-அமில பேட்டரிகளுக்கான ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டுள்ளது. ரசீதில் இது சரியாக உள்ளதா என்று பார்க்க வேண்டும். உத்தரவாதம் கோரவும் ரசீது தேவை.

பொருத்தும்போது

கழற்றும்போது முதலில் எதிர்முனையையும், பொருத்தும்போது முதலில் நேர்முனையையும் கையாள வேண்டும். பேட்டரியை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்திருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த பேட்டரியும் கரடுமுரடான பாதையில் நீடிக்காது. முனைகளில் படியும் வெண்ணிற உப்பை அகற்றி, பெட்ரோலியம் ஜெல்லி பூசுவது மின்னோட்டத் தடையைக் குறைக்கும்.

பனிப்பகுதியில் வாகனத்தை நிறுத்தும் முன் பேட்டரி முழு மின்னேற்றத்தில் இருப்பது அவசியம். முழுமையாக ஏற்றப்பட்ட பேட்டரியின் அமிலக் கரைசல் சுமார் மைனஸ் 55 டிகிரி வரை உறையாது. தீர்ந்துபோன பேட்டரியோ மைனஸ் 10 டிகிரியை ஒட்டியே உறைந்து, அதன் உறை விரிசல் விடக்கூடும். உறைந்த பேட்டரிக்கு ஜம்பர் கேபிள் மூலம் மின்சாரம் கொடுப்பது வெடிப்புக்கு வழிவகுக்கும்.

பழைய பேட்டரியைக் குப்பையிலோ உரிமம் இல்லாத பழைய இரும்புக் கடையிலோ போடக் கூடாது. மத்திய அரசு 2022 ஆகஸ்டில் அறிவித்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்களுக்கு அளித்துள்ளன. புதிய பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, அதற்குரிய தொகையை விலையில் கழித்துக்கொள்ளலாம்.