வெளிச்சம் குறைந்தால்தான் வெள்ளி தெரியும்

2004 ஜூன் 8. கெடா ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு முடிந்து வீடு திரும்பிய வேளை. பிற்பகல் ஒன்றேகால் மணியளவில் வெள்ளிக் கோள் சூரியனைக் கடக்கத் தொடங்கியது. 1882க்குப் பிறகு அதுதான் முதன்முறை!

அதைப் படம்பிடிக்க எந்தப் பிலிம் ஏற்றது? வேகமான 400 என்று பலரும் நினைக்கலாம். சூரியனிடம் வெளிச்சத்துக்கா பஞ்சம்? 500 மில்லிமீட்டர் லென்சிலும் பிலிமில் விழும் சூரியன் 5 மில்லிமீட்டர்கூட இராது. வெள்ளியோ அதன் அகலத்தில் ஏறத்தாழ 32இல் ஒரு பங்கு. அந்தச் சிறு புள்ளி தெளிவாக விழ, நுண்மணிகள் கொண்ட 100 பிலிமே பொருத்தம். லட்சத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும் சூரிய வடிகட்டியை லென்சின் முன் மாட்டினால், எஃப் 8 திறப்பில் 500இல் ஒரு வினாடி போதும். ஒரு படி கூட்டியும் குறைத்தும் எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

இது முன்னோர் பட்டுத் தெளிந்த பாடம். 1874 டிசம்பர் 9 அன்று, சூரியனின் தூரத்தை அளக்கப் பல நாட்டுக் குழுக்கள் ஒளிப்படத் தட்டுகளோடு காத்திருந்தன. பிரெஞ்சு அறிஞர் ழான்சன், 72 வினாடியில் 48 படம் எடுக்கும் கருவியை ஜப்பானுக்குக் கொண்டுசென்றார். ஆனால் காற்றின் நடுக்கமும் தட்டில் பரவிய மிகுந்த ஒளியும் கோளின் விளிம்பை மங்கவைத்தன. பிரிட்டிஷ் குழுக்களின் தட்டுகளிலிருந்து நம்பத்தக்க கணக்குக் கிடைக்கவில்லை.

வெள்ளி மறுபடி கடக்க 2117 ஆகும். புதன் கோளோ 2032 நவம்பர் 13 பிற்பகலில் கடக்கும். பிலிம் போய் டிஜிட்டல் வந்துவிட்டது. வடிகட்டியின் தேவை போகவில்லை. பழைய எக்ஸ்ரே பிலிமைக் கண்ணில் வைத்துச் சூரியனைப் பார்ப்பவர் இழக்கக்கூடியது படத்தை அல்ல, பார்வையை!