மதுரைச் சாரீரம்: நாடக மேடையிலிருந்து திரைப்பின்னணிக்கு

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்திலே விறகு விற்ற படலத்தை வாசித்தவர்கள், ஏமநாதன் என்னும் வடதேசப் பாணன் மதுரைக்கு வந்து பாண்டியன் சபையை வியக்கவைத்ததையும், அவனோடு வாது செய்யும்படி பணிக்கப்பட்ட பாணபத்திரன் சொக்கேசப் பெருமானிடம் சென்று அழுததையும், பெருமான் விறகாளாய் வந்து ஏமநாதன் இறங்கியிருந்த வீட்டுத் திண்ணையில் சாய்ந்து சாதாரிப் பண் பாட, அதைக் கேட்டவன் இரவோடிரவாக ஊரைவிட்டு ஓடியதையும் அறிவார்கள். இக்கதையை ஏ. பி. நாகராஜன் 1965ஆம் ஆண்டு 'திருவிளையாடல்' என்ற பெயரில் திரையில் அமைத்தபோது, தாம் ஒரு புராணத்தைப் படம் பிடிப்பதோடு தமிழ்நாட்டுப் பாட்டின் அரை நூற்றாண்டுச் சரித்திரத்தையும் ஒரே படத்தில் அடக்குகிறோம் என்று எண்ணியிருப்பாரோ, தெரியாது. பாணபத்திரராக நடித்த டி. ஆர். மகாலிங்கமும் ஔவையாராக வந்த கே. பி. சுந்தராம்பாளும் தத்தம் பாட்டைத் தாமே பாடினார்கள். ஏமநாத பாகவதராக நடித்த டி. எஸ். பாலையாவுக்கு எம். பாலமுரளிகிருஷ்ணாவும், சொக்கனாக வந்த சிவாஜி கணேசனுக்கு டி. எம். சௌந்தரராஜனும் குரல் கொடுத்தார்கள்.

மகாலிங்கம் சோழவந்தானை அடுத்த தென்கரைக்காரர். சௌந்தரராஜன் மதுரை நகரத்திலேயே பிறந்தவர். ஒரே வைகைத் தண்ணீர் குடித்து வளர்ந்த இவ்விருவரில் ஒருவர் முகமும் குரலும் பிரியாத பழைய சம்பிரதாயத்தின் கடைசிப் பிரதிநிதிகளுள் ஒருவராகவும், மற்றவர் முகமில்லாத குரலின் சக்கரவர்த்தியாகவும் அமைந்தது எப்படி என்பதே இக்கட்டுரையின் விசாரம்.

ஒலிபெருக்கி வருவதற்கு முந்திய நாடக மேடையில் நடிகனுக்கு முதல் யோக்கியதை சாரீரம். உருவமும் நடிப்பும் அதற்குப் பின்னரே. சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நடத்திச் சிறுவர்களைப் பழக்கிய காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசையில் மணல் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் ஒவ்வோர் எழுத்தும் கேட்கும்படி தொண்டையைத் திறந்து உச்ச ஸ்தாயியில் நிற்க வல்லவனே ராஜபார்ட்டுக்கு உரியவன். எஸ். ஜி. கிட்டப்பாவும், அவருக்குப்பின் எம். கே. தியாகராஜ பாகவதரும் இந்த மேடைச் சாரீரத்தின் பலத்தினாலேயே பிரசித்தி அடைந்தார்கள். பேசும்படம் வந்தபிறகும் நெடுநாள் அதே நியதிதான். ஏவி. மெய்யப்பன் தயாரித்து 1938இல் வெளிவந்த 'நந்தகுமார்' படத்தில், ஒரு நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் என்பவரைப் பாடச்செய்து ஒலியைச் சேர்த்தபோதே தமிழில் பின்னணிப் பாட்டு உதயமாயிற்று. அதே படத்தில் சிறுவன் கிருஷ்ணனாக வந்து, தம் குரலில் பாடி அறிமுகமானவர் நாம் மேலே சொன்ன மகாலிங்கம். பழையதும் புதியதும் அன்றே ஒரு படத்தில் ஒன்றாகக் குடியிருந்தன.

சங்கரதாஸ் சுவாமிகள் காலமான அதே 1922இல், மார்ச்சு மாதம் 24ஆந் தேதி, மதுரையில் மீனாட்சி ஐயங்காரின் புதல்வராக, தொகுளுவா என்னும் குடும்பப் பெயருடைய சௌராஷ்டிரக் குலத்தில் சௌந்தரராஜன் தோன்றினார். பட்டுநூல் நெசவால் பெயர்பெற்ற இச்சமூகத்தார்க்கு வீட்டு மொழி சௌராஷ்டிரம். கடைத்தெரு மொழி தமிழ். பஜனை மடத்திலோ இரண்டும் கலந்து ஒலிக்கும். தியாகையரின் சிஷ்யரான வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் இச்சமூகத்தவர். 1914இல் மறைந்த மதுரை நடனகோபால நாயகி சுவாமிகளோ இரு மொழியிலும் கீர்த்தனங்கள் செய்தவர். நாற்பது பேர் தாளம் தட்டிச் சேர்ந்து பாடும் கூடத்தில் தனிக்குரல் எழும்பவேண்டுமானால் கூச்சம் உதவாது. சௌந்தரராஜன் பின்னாளில் காரைக்குடி ராஜாமணி ஐயங்காரிடம் முறையாகச் சங்கீதம் பயின்றது உண்மையாயினும், அவர் தொண்டையின் கூச்சமின்மைக்கு இப்பஜனை வழக்கையே முதல் ஆசிரியனாகக் கொள்ளத் தோன்றுகிறது.

வாலிபத்தில் அவர் பாடியது தம் குரலில் அன்று, பாகவதர் குரலில். அக்காலத்தில் பாடத்தெரிந்த இளைஞர் பலருக்கும் அந்த மோகம் இருந்ததாகையால் இதைக் குற்றமாகச் சொல்வதற்கில்லை. 1944ஆம் வருஷம் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் சிறைப்பட்டு, 1947இல் விடுதலையாகி வந்தும் பழைய கீர்த்தி திரும்பாமற்போனபோது, அந்தச் சாரீரத்துக்குப் பழகிப்போன ஜனங்களின் காது வெறுமையாய்க் கிடந்தது. சுந்தரராவ் நட்கர்ணி டைரக்‌ஷனில் கோயம்புத்தூரில் உருவாகி 1950இல் வெளிவந்த 'கிருஷ்ண விஜயம்' படத்தில் சௌந்தரராஜன் பாடிய முதற்பாட்டைக் கேட்டால், பாகவதரின் பிருகாக்களும் இழைவும் அச்சில் வார்த்தாற்போல இருக்கும். இரவல் குரலோடு உள்ளே வந்தவர், பிறருக்குக் குரலை இரவல் கொடுக்கத் தொடங்கியபிறகே தமக்கென்று ஒரு குரலைக் கண்டார் என்பது இச்சரித்திரத்தின் விசித்திரம்.

அது நிகழ்ந்த வருஷம் 1954. இரண்டாண்டுகளுக்கு முன் தீபாவளியன்று மதுரையில் தங்கம் தியேட்டர் 'பராசக்தி' படத்தோடு திறக்கப்பட்டது. இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் அமரக்கூடிய அந்த மண்டபத்தில் சிவாஜி கணேசனுக்காக ஒலித்தது சி. எஸ். ஜெயராமனின் குரல். 'தூக்குத் தூக்கி' படத்துக்கு ஜி. ராமநாதன் சௌந்தரராஜனைச் சிபார்சு செய்தபோது கணேசன் தயங்கினாரென்றும், பாடகர் நடிகரோடு சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்து, அவர் பேச்சின் கனத்தைக் கவனித்து, அந்தக் கனத்திலேயே பாடிக்காட்டச் சம்மதம் கிடைத்ததென்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும் படத்தின் பாட்டுகளே சாட்சி. அதே ஆண்டில் எஸ். எம். சுப்பையா நாயுடு இசையமைத்த 'மலைக்கள்ளன்' படத்தில் எம். ஜி. ராமச்சந்திரனுக்கும் அவரே பாடினார். கணேசனுக்குப் பாடும்போது நாபியிலிருந்து எழுந்து மார்பில் கனத்து வரும் நாதம், ராமச்சந்திரனுக்குப் பாடும்போது சற்று மேலேறி, இலேசாய், ஒளியுடன் வருவதைக் கண்ணை மூடிக் கேட்டாலே இனம் பிரிக்கலாம். 1956இல் 'மதுரைவீரன்' வந்தபோது, மீனாட்சியம்மன் கோயில் கீழவாசலில் காவல் நிற்கும் தெய்வத்துக்கும் மதுரைக்காரர் ஒருவரே குரலானார்.

இதற்கு முன்பே அமெரிக்காவில் பிங் கிராஸ்பியும் பிராங்க் சினாட்ராவும், மைக்கின் அருகில் வாய்வைத்துக் காதோடு பேசுவதுபோலப் பாடும் முறையால் உலகப் புகழ் எய்தினார்கள். இயந்திரம் அங்கே குரலைத் தாழ்த்திற்று; பாடகனின் முகத்தையோ உயர்த்திற்று. நம் நாட்டில் அதே இயந்திரம் பாடகனின் முகத்தை மறைத்தது, குரலைத் தாழ்த்தவில்லை. இதற்குக் காரணம் மேடைப் பழக்கம் மட்டுமன்று. உசிலம்பட்டிப் பக்கத்துப் புஞ்சைக் கிராமம் ஒன்றில் பங்குனிப் பொங்கலன்று ரேடியோ செட்டுக்காரர் புளியமரக் கவட்டையில் குழாயைக் கட்டி, சோளக்காட்டை நோக்கித் திருப்பிவைத்து, இசைத்தட்டின் மேல் முள்ளை இறக்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மத்தளமும் வயலினும் அந்தத் தகரக் குழாயில் ஒரே இரைச்சலாகிவிட, சௌந்தரராஜனின் சொல் மட்டும் காற்றுவாக்கில் அடுத்த ஊர்க் கண்மாய்க்கரை வரை பிசிறில்லாமல் சென்றது. காதோடு பேசும் குரல் அக்குழாயில் செத்துப்போகும். கொட்டகையின் கடைசி வரிசைக்காகப் பழகிய தொண்டை, கொட்டகை போனபின் குழாய் ஒலிபெருக்கிக்கு உகந்ததாயிற்று.

சொல் என்றேன். வீட்டில் வேறு மொழி பேசியவர் தமிழின் ழகர றகரங்களைத் தமிழாசிரியர்களும் மெச்சும்படி உச்சரித்தது ஆச்சரியமே. 'பட்டினத்தார்' (1962), 'அருணகிரிநாதர்' (1964) ஆகிய படங்களில் அவரே கதாநாயகராக நடித்தார். பின்னதில் மெய்யெழுத்துகள் ஒன்றன்மேலொன்று மோதும் திருப்புகழின் முதற்பாட்டைச் சண்முகப்பிரியாவில் அவர் பாடிய பின்பு, அதுவரை ஓதுவார்களிடமும் பஜனைக் கோஷ்டியாரிடமும் இருந்த சந்தம் சலூன் கடை வரை இறங்கி வந்தது. நடிகராக அவர் நிலைக்கவில்லை. சினாட்ராவுக்கு நடிப்புக்கே ஆஸ்கார் கொடுத்தார்கள்; நம் ஜனங்களோ இவரைத் திரையில் கண்டபோது, கணேசன் குரலில் வேறு யாரோ பாடுகிறார் என்று திகைத்திருக்க வேண்டும்!

1969இல் 'அடிமைப்பெண்' படத்தில் எஸ். பி. பாலசுப்பிரமணியம் ராமச்சந்திரனுக்குப் பாடினார். 1976இல் 'அன்னக்கிளி' மூலம் அறிமுகமான இளையராஜா, அன்றைய மதுரை ஜில்லாவின் பண்ணைப்புரத்துக்காரர். அதில் சௌந்தரராஜனுக்கும் ஒரு பாட்டுத் தந்தார். புதிய கதாநாயகர்களின் மெல்லிய பேச்சுக்கு அந்தக் கனத்த நாதம் பொருந்தவில்லை. பத்மஸ்ரீ விருது 2003இல், மிகவும் காலந்தாழ்ந்து வந்தது.

மீண்டும் திண்ணைக்கு வருவோம். படத்தில் விறகாளாய் வந்த சொக்கனின் பாட்டைக் கௌரிமனோகரியில் சௌந்தரராஜன் பாட, வீணை, மிருதங்கம், குழல் முதலியவற்றோடு திரையில் பல கணேசன்கள் அமர்ந்திருக்கிறார்கள். பாட்டு நின்றதும் அலையும் இலையும் நிற்கின்றன. அத்தனை முகங்களில் ஒன்றும் பாடியவருடையதன்று. தம் குரலில் பாடிய மகாலிங்கம் அந்தக் கதையில் தோற்றுவிடுவோமென்று அஞ்சும் பாணராகவும், இரவல் குரலில் பாடியவர் வெல்லும் தெய்வமாகவும் அமைந்ததை நாகராஜன் திட்டமிட்டுச் செய்ததாக நான் வாதிடமாட்டேன்.

எம். எஸ். விசுவநாதன் மெட்டமைத்த தமிழ்த்தாய் வாழ்த்தின் இசைத்தட்டில் பி. சுசீலாவோடு சேர்ந்து பாடியவரும் சௌந்தரராஜனே. 2013 மே 25இல் சென்னையில் அவர் காலமான பிறகும், மதுரையில் எத்தனையோ விழாக்கள் அந்தக் குரலோடு தொடங்கின. கூட்டம் எழுந்து நிற்கும், பாடுகிறவர் யாரென்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். 2023 ஆகஸ்டில் முனிச்சாலையில் அவருக்குச் சிலை திறந்தார்கள். நான் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவுகதானாண்ணே அது?" என்று கேட்டார்.