கரையில் எண், கடலில் அட்டை: கோட்டைப்பட்டினமும் தேசிய அடையாளமும்

2021 ஜனவரி 18ஆம் நாள் புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையிலுள்ள கோட்டைப்பட்டினத்திலிருந்து பாக் நீரிணைக்குள் சென்ற விசைப்படகு ஒன்று கரை திரும்பவில்லை. நெடுந்தீவுக்கு அருகே இலங்கைக் கடற்படைக் கலத்தோடு மோதி அது மூழ்கியது. மோதல் எப்படி நேர்ந்தது என்பதில் இரு தரப்பும் முரண்பட்டன. படகிலிருந்த நால்வரும் இறந்தனர். அவர்களில் ஒருவர் மண்டபம் முகாமில் வாழ்ந்த இலங்கைத் தமிழ் அகதி. நால்வரும் இழுத்தது ஒரே வலைதான். ஆயினும் அரசின் ஏடுகளில் அவர்கள் ஒரே வகையினர் அல்லர்.

அடையாள அட்டையைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் தனியுரிமையில் தொடங்கி மானியத்தில் முடிகிறது. கடற்கரையில் நின்று பார்த்தால் சிக்கல் வேறாகத் தெரிகிறது. கடலில் நிறுத்தப்படும் மீனவரைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்கப்படுகின்றன: இவர் யார், எந்த நாட்டுக் குடிமகன், இந்தப் படகில் தொழில் செய்ய உரிமை பெற்றவரா? இம்மூன்றுக்கும் விடை தரும் சான்றுகள் தனித்தனியாகவே இருக்க வேண்டும் என்பதும், முதல் கேள்விக்கான சான்று இணையமும் கைரேகையும் இல்லாமலே செல்லுபடியாக வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இந்தியாவில் தேசிய அடையாளத்துக்கு இரண்டு வேர்கள் உண்டு. ஒன்று பாதுகாப்பு. 1999 கார்கில் போருக்குப் பின் அமைந்த ஆய்வுக் குழு எல்லைக் கிராமத்தவருக்கு அடையாள அட்டை வேண்டும் என்றது. அந்த வழியில் வந்த 2003ஆம் ஆண்டுத் திருத்தம் குடியுரிமைச் சட்டத்தில் 14ஏ பிரிவைச் சேர்த்து, குடிமக்களைக் கட்டாயமாகப் பதிவுசெய்து தேசிய அடையாள அட்டை வழங்க மத்திய அரசுக்கு அதிகாரம் தந்தது. இன்னொரு வேர் நலத்திட்டம். 2009இல் தொடங்கப்பட்ட தனித்துவ அடையாள ஆணையம் 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் தெம்பிலி கிராமத்தில் முதல் ஆதார் எண்ணை வழங்கியது. இந்த எண்ணுக்கு அடிப்படை வசிப்பிடம். பன்னிரண்டு மாதங்களில் 182 நாள் இந்தியாவில் வசித்தவர் எவரும் இதைப் பெறலாம். 2016ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தின் 9ஆம் பிரிவோ, ஆதார் குடியுரிமைக்குச் சான்றாகாது என்று தெளிவாகச் சொல்கிறது.

இவ்விரு வேர்களும் பின்னிக்கொண்ட இடம் கடற்கரை. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் குஜராத் மீன்பிடிப் படகான ‘குபேர்’ஐக் கைப்பற்றி வந்தார்கள். அடுத்த ஆண்டே கடல் மீனவர்களுக்குப் பயோமெட்ரிக் அட்டை வழங்கும் மத்தியத் திட்டம் தொடங்கியது. ஓர் உண்மையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: தாக்கியவர்களிடமும் அடையாள அட்டைகள் இருந்தன, போலியான இந்திய மாணவர் அட்டைகள். எனவே அட்டை இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. அட்டையின் உண்மையை அந்த இடத்திலேயே சோதிக்க முடிகிறதா என்பதே பாதுகாப்பு.

ஆதாரின் வழக்கமான சோதனை கரைக்கு ஏற்றது. விரலை வைத்தால் தொலைவிலுள்ள சர்வர் ஆம், இல்லை என்று சொல்லும். நடுக்கடலில் அலைபேசிக் கோபுரம் கிடையாது. கரையிலும் விரல் கைவிடுகிறது. கயிறும் வலையும் ஐஸும் உப்புநீரும் தேய்த்த ரேகையைக் கருவி ஏற்க மறுக்கும்போது, மீண்டும் மீண்டும் விரலைத் துடைத்து வைக்கும் உழைப்பாளிகளை எந்த ரேஷன் கடையிலும் காணலாம். உழைப்பின் தழும்பே உரிமையை மறுக்கும் காரணமாவதை ஏற்க முடியாது. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை நலத்திட்டங்களுக்கான ஆதாரை ஏற்றது. நீதிபதி சந்திரசூட்டின் மாற்றுத் தீர்ப்பு இத்தகைய விலக்கத்தைப் பெரிதாகக் கருதியது. என் நிலை அந்த மாற்றுத் தீர்ப்போடுதான்.

தீர்வு ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஆதார் அட்டையிலுள்ள கியூஆர் குறியீட்டில் பெயரும் புகைப்படமும் ஆணையத்தின் மின்னொப்பத்தோடு பதிந்துள்ளன. கருவியில் காட்டினால் இணையம் இல்லாமலே அதன் உண்மை தெரியும். முகத்தைக் கண்ணால் ஒப்பிட்டால் போதும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இத்தகைய இணையமில்லாச் சரிபார்ப்புக்குச் சட்ட இடமும் தந்தது. கடலோரக் காவல் குழுமமும் கடலோரக் காவல்படையும் தங்கள் ரோந்துப் படகுகளில் இதையே முதன்மை முறையாகக் கொள்ளலாம்.

அப்படியானால் குடியுரிமை, தொழிலுரிமை எல்லாவற்றையும் ஒரே அட்டையில் ஏற்றிவிடலாமே என்று கேட்பார்கள். ஈரம் படாமல் பாலித்தீனில் நாலைந்து அட்டைகளைச் சுற்றி வைத்திருப்பவரின் சுமை உண்மையானது. ஆனாலும் அக்கரையின் வரலாறு நம்மை எச்சரிக்கிறது. இலங்கையில் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி 1972 முதல் தேசிய அடையாள அட்டை நடைமுறையில் உள்ளது. அதில் பிறந்த இடமும் அச்சாகியிருக்கும். போர்க்காலக் கொழும்பின் சோதனைச் சாவடிகளில் யாழ்ப்பாணம் என்ற ஒரு சொல் போதும், ஓர் இளைஞரைத் தனியே நிறுத்தி வைக்க. அட்டையில் எதை அச்சிடுகிறோமோ அதுவே சோதிப்பவரின் கையில் அதிகாரமாகிறது.

எனவே தொழிலுரிமைக்கு மாநில மீன்வளத்துறை தன் ஒப்பமிட்ட தனிக் குறியீடு ஒன்றை வழங்கட்டும். அதில் பெயரும் படமும் படகின் பதிவெண்ணும் இருந்தால் போதும். ஆதார் எண் வேண்டாம். அகதி முகாம்வாசியின் நிலையும் அப்போது நேர்மையாகக் கேட்கப்படும். அவரிடம் ஆதார் இருக்கலாம், வாக்காளர் அட்டை இராது. 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்தவர்களுக்குக்கூடப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருந்தால்தான் பிறப்புவழிக் குடியுரிமை. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத் திருத்தமோ இலங்கையைச் சேர்க்கவே இல்லை. அவர் கடலுக்குப் போகலாமா என்பதை அரசு வெளிப்படையான ஆணையால் சொல்ல வேண்டும். எண்ணுக்குள் அந்தக் கேள்வியை ஒளித்து வைப்பதால் அவர் மட்டுமே இழக்கிறார்.

மறுப்பவருக்கும் பொறுப்பு வேண்டும். விரல் பதியவில்லை என்றோ குறியீடு தெளிவில்லை என்றோ கடலுக்குச் செல்லும் அனுமதி டோக்கனோ மீன்பிடித் தடைக்கால நிவாரணமோ மறுக்கப்பட்டால், மறுத்த அலுவலர் காரணத்தை எழுதி ஒப்பமிட்டுத் தர வேண்டும். விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் மட்டுமே தொழிலுக்குப் போகும் இக்கரையில், முறையீடு கோட்டைப்பட்டினம் அடங்கிய மணமேல்குடி வட்ட அளவிலேயே கேட்கப்பட்டு, அடுத்த தொழில் நாளுக்கு முன் முடிவு கிடைக்க வேண்டும்.