மலாக்கா கரையும் இணையத் துண்டிப்பு ஆய்வும்

இணையம் எப்போது நின்றது, எங்கே அறுந்தது, மாற்றுப் பாதை ஏன் கைகொடுக்கவில்லை என்பதை அளந்து கண்டறியும் துறை இணையத் துண்டிப்பு ஆய்வு. மலேசியாவில் இதற்கு மலாக்கா மாநிலக் கரையை விடப் பொருத்தமான களம் அரிது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் தெரெண்டாக் இராணுவ முகாமும் உள்ள சுங்கை ஊடாங் இந்தக் கரையில்தான் இருக்கிறது. சீ-மீ-வீ 4 (2005), சீ-மீ-வீ 5 (2016) ஆகிய கடலடி வடங்கள் மலாக்காவில் கரையேறுகின்றன. முதலாவது சென்னையையும் கொழும்பையும், இரண்டாவது மாத்தறையையும் தொடுகிறது. தமிழர் வாழும் ஊர்களைக் கடல்வழியே இணைப்பது புதிதன்று. 1870, 71-இலேயே சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் இடையே தந்தி வடம் போடப்பட்டது.

தோட்டப்புற வீட்டில் "லைன் போச்சு" என்றால் பழுது கடலிலா, தரையிலா என்பதே முதல் கேள்வி. ஆய்வாளர்கள் வீட்டு இணைப்புகளுக்குச் சிறு செய்திகளை விட்டுவிட்டு அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கிறார்கள். சுங்கை ஊடாங் மட்டும் மௌனமாகி மலாக்கா நகரம் பதில் தந்தால் பழுது தரையில். உள்நாட்டுத் தளங்கள் சீராகத் திறந்து, வெளிநாட்டுத் தளங்கள் மட்டும் திணறினால் கடல்வடத்தைச் சந்தேகிக்கலாம். தரவு சுற்றுவழியில் போவதால் தாமதம் கூடுகிறது. அறுந்த இடத்தைக் காண, கரை நிலையத்திலிருந்து வடத்துக்குள் ஒளித்துடிப்பை அனுப்புகிறார்கள். ஒளியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. செல்லும். அது எதிரொளித்துத் திரும்பும் நேரத்தில் பாதியைக் கொண்டு தூரம் கணக்கிடப்படுகிறது.

உலகில் ஆண்டுக்கு 150 முதல் 200 கடல்வடப் பழுதுகள் நேர்கின்றன. பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மீன்பிடி வலைகளும் நங்கூரங்களும். ஆழம் குறைந்து, கப்பல் நெரிசல் மிகுந்த மலாக்கா நீரிணையில் இந்த ஆபத்து கூடுதல். ஆனால் துண்டிப்பு எத்தனை நாள் நீடிக்கும் என்பதைப் பல சமயம் அனுமதித் தாள்களே தீர்மானிக்கின்றன. 2024 ஏப்ரலில் சீ-மீ-வீ 5 சிங்கப்பூரிலிருந்து ஏறத்தாழ 440 கி.மீ. தொலைவில், இந்தோனேசியக் கடற்பகுதியில் அறுந்தது. அதனால் வங்காளதேசத்தில் இணையம் மெதுவானது; பழுதுபார்க்கும் அனுமதிக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது.

மலேசியாவிலும் இதே சிக்கல் இருந்தது. உள்ளூர்க் கப்பல்களுக்கு முன்னுரிமை தரும் விதியிலிருந்து வெளிநாட்டுப் பழுதுநீக்கும் கப்பல்களுக்கு 2019-இல் தரப்பட்ட விதிவிலக்கை அரசு 2020 நவம்பரில் திரும்பப் பெற்றது. கூகுள், பேஸ்புக், மைக்ரோசாப்ட் நிறுவனங்களும் மலேசிய இணையப் பரிமாற்றகமும் எதிர்த்தன. உள்ளூர்க் கப்பல் தொழிலைக் காக்கும் நோக்கம் நியாயமானதே. ஆனாலும் பழுதுநீக்கம் தாமதமாகும் ஆபத்தோடு ஒப்பிட்டால் அந்த முடிவு தவறு என்றே சொல்ல வேண்டும். 2024 ஜூனில் விதிவிலக்கு மீண்டும் வந்தது.

தரைப்பகுதிக்கு இத்தகைய கவனம் கிடைப்பதில்லை. நாடு, மாநில அளவில் கணக்கிடும் கண்காணிப்புகளில் ஒரு தோட்டத்தின் துண்டிப்பு தெரியாமலே போகிறது. இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கினாலும், இரண்டின் கம்பியும் ஒரே குழாயில் போனால் ஒரு மண்வாரி இயந்திரம் இரண்டையும் சேர்த்தே அறுத்துவிடும்.