செகசிற்பியாரும் நம் சபைகளும்

நடிகரைக் 'கூத்தாடி' என்று இகழ்ந்த காலத்தில், 1891 ஜூலை முதலாம் நாள் சென்னையில் சுகுண விலாச சபை தோன்றியது. அதனை நிறுவியோருள் முதன்மையான பம்மல் சம்பந்த முதலியாருக்கு அப்போது வயது 18. பின்னாளில் நீதிபதியாகவும் பணியாற்றிய அவர், கூலிக்கு நடியாத கற்றோரை மேடையேற்றினார். ஹாம்லெட் 'அமலாதித்யன்' ஆனான். மாக்பெத் 'மகபதி' ஆனான். பெயரோடு களமும் வழக்கமும் தமிழாயின.

1911இல் அச்சபை இலங்கை வந்தது. சம்பந்த முதலியாரைக் குருவாகக் கொண்ட கலையரசு சொர்ணலிங்கம், கொழும்பில் இலங்கை சுபோத விலாச சபையை வளர்த்தார். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளோ, 1926இல் வெளிவந்த 'மதங்க சூளாமணி'யில் செகசிற்பியாரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணங்கொண்டு ஆராய்ந்தார். அந்நியப் புலவனை வணங்கி நிற்காமல், நம் அளவுகோலால் அளந்த துணிவு அது.

பாலாவிக் கரையில் ஒரு குழு இன்று செகசிற்பியாரை மேடையேற்ற விரும்பினால், மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. தெற்கேயுள்ள உடப்பு மீனவர் வலையிழுக்கையிற் பாடும் அம்பாவும், இக்கரையின் பேச்சும் அம்மேடையில் ஒலித்தல் வேண்டும். ஊரார் தம்மையே மேடையில் காணும்போதுதான் நாடகம் ஊருக்கு உரியதாகும். அச்சபைகள் நமக்கு விட்டுச்சென்ற முதுசம் இதுவே.