நேரு – ராஜாஜி: ஆட்சிக்கு நடுவே கடிதங்கள்

1952 ஏப்ரல் 10 அன்று சென்னை மாநில முதலமைச்சராகப் பதவியேற்ற ராஜாஜி, அந்த ஆண்டுத் தேர்தலில் நிற்கவே இல்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரைச் சட்ட மேலவைக்கு நியமித்தார். பிரதமர் நேரு அப்போது காங்கிரசின் தலைவரும்கூட. நேருவைவிட ராஜாஜி பதினோரு வயது மூத்தவர். ஆகவே இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களில் கட்சிக் கட்டளை எது, பழைய நட்பின் உரிமை எது என்று பிரித்துப் பார்ப்பது கடினம்.

இந்த நட்புக்கு ஒரு பழைய காயமும் உண்டு. முதல் குடியரசுத் தலைவராக ராஜாஜியே வர வேண்டும் என்று நேரு விரும்பினார். 1949 செப்டம்பர் 10 அன்று ராஜேந்திர பிரசாத்துக்கு அதை எழுதியும் விட்டார். மறுநாளே பிரசாத்திடமிருந்து மனக்கசப்புடன் பதில் வந்தது. 1942-இன் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் விலகி நின்றவர் என்ற குறை ராஜாஜி மேல் இருந்ததால் கட்சியினரும் இசையவில்லை.

1952-இல் சிக்கல் வேறு. சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152, பெரும்பான்மை இல்லை. அன்றைய தென்னார்க்காடு மாவட்டம் ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சிக்குக் கோட்டை. அக்கட்சி மொத்தம் 19 இடங்களை வென்றது. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சியைச் சேர்த்துக்கொண்டுதான் ராஜாஜி அமைச்சரவை அமைத்தார். நியமனத்தால் வந்த முதல்வர் என்பது நேருவுக்கு உறுத்தலாக இருந்தது. இடைத்தேர்தலில் நின்றால் நல்லது என்பது அவர் கருத்து. ராஜாஜி கடைசிவரை மேலவையிலேயே இருந்துவிட்டார்.

கடிதங்களில் மிகவும் பேசுபவை அந்த டிசம்பரில் எழுதப்பட்டவை. தனி ஆந்திரம் கேட்டு பொட்டி ஸ்ரீராமுலு அக்டோபர் 19 முதல் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார். டிசம்பர் 3 அன்று ராஜாஜிக்கு எழுதிய நேரு, அதைப் பொருட்படுத்தப் போவதில்லை என்றார். ஒன்பதே நாள் கழித்து, 12-ஆம் தேதிக் கடிதத்தில், கோரிக்கையை ஏற்கும் நேரம் வந்துவிட்டது என்று மாறினார். 15 அன்று ஸ்ரீராமுலு இறந்தார். 19 அன்று தனி மாநில அறிவிப்பு வெளியானது. சாவுக்குப் பிறகு எழுந்த கலவரம்தான் நேருவைப் பணிய வைத்தது என்ற பொதுவான கணிப்பு அப்படியே பொருந்தாது என்பதை இந்தத் தேதிகள் காட்டுகின்றன. மனம் முன்பே மாறிவிட்டது, அறிவிப்புதான் பிந்தியது. சென்னை நகரத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதில் ராஜாஜி உறுதியாக நின்றார். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் பிரிந்தபோது நகரம் தமிழர் பக்கமே இருந்தது.

எல்லா முதலமைச்சர்களுக்கும் நேரு பதினைந்து நாளுக்கு ஒருமுறை எழுதிவந்த பொதுக் கடிதங்கள் ராஜாஜிக்கும் வந்தன. அவற்றில் உலக நிலவரம் உண்டு, தயக்கம் இல்லை. தயக்கமெல்லாம் தனிக் கடிதங்களில்தான்.

தான் கொண்டுவந்த புதிய கல்வித் திட்டம் எழுப்பிய எதிர்ப்பில் 1954 ஏப்ரலில் ராஜாஜி விலக, காமராஜர் முதல்வரானார். 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி ராஜாஜி நேருவின் கடும் எதிர்ப்பாளரானார். நேருவின் கடிதங்கள் பல, அவருடைய தேர்ந்தெடுத்த எழுத்துகளின் தொகுதிகளில் அச்சாகியுள்ளன. ராஜாஜியின் பேரன் ராஜ்மோகன் காந்தி எழுதிய வாழ்க்கை வரலாறும் கடிதங்களை விரிவாகப் பயன்படுத்தியிருக்கிறது.